பதினோராவது கன்று

அடிலெய்டிலிருந்து தள்ளியிருக்கும் வில்லரா என்ற சிற்றூரில் டேலியாப் பூ என்றாலே நோயல் மேட்னர் பெயரைத்தான் சொல்வார்கள். மார்ச் மாத விவசாயக் கண்காட்சியில் பதினான்கு முறை நீல ரிப்பன் வாங்கியவர். சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பூக்கவைப்பார். அப்பேர்ப்பட்டவருக்குத் தைலமரம் மட்டும் ஆகாது. எட்டு வருஷத்துக்கு முன், இலை கூட அசையாத ஒரு ஜனவரிக் கோடை மதியம், ஓடைக்கரையில் நிறுத்தியிருந்த அவருடைய புது பிக்கப் வண்டியின் மேல் ஒரு பெரிய தைலமரக் கிளை வந்து விழுந்தது. வண்டி அப்பளமாகிவிட்டது. அவரும் மனைவி கோரலியும் வண்டியை விட்டு இறங்கிப் பத்தடிதான் நடந்திருந்தார்கள். காற்றடித்து விழுந்தாலாவது மன்னித்திருப்பார். சும்மா இருந்த மரம் சும்மாவே கிளையைப் போட்டதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

அதனால், பக்கத்து வீட்டு நெரிடா பாஸ்கோ தன் முன்தோட்டத்தில் ஒரு தைலமரக் கன்றை நட்ட அன்று அவர் வேலிக்கு ஓடி வந்ததில் ஆச்சரியமில்லை.

"நெரிடா, என்னது அது?"

"பார்த்தா தெரியலையா? மரம்."

"என்ன மரம்னு கேட்டேன்."

"நீ நினைக்கிற மரம்தான்."

"என் டேலியாப் பாத்திக்குப் பக்கத்துலயா? வேர் வந்து தண்ணியெல்லாம் உறிஞ்சிடும். இலை கொட்டும். கிளை விழும்."

"இது சின்ன சாதி நோயல். ஆறேழு மீட்டருக்கு மேல போகாது. உன் வண்டி மேல விழணும்னா ஏணி வச்சு ஏறித்தான் குதிக்கணும்."

நெரிடா அந்தக் கன்றை விடமாட்டாள் என்பது அவருக்கும் தெரியும். இருபத்தேழு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். ஓய்வு பெறும்போது கடைசி வழித்தடத்துப் பிள்ளைகள், பேருந்து திரும்பும் இடத்தில் நின்ற தைலமரத்தின் காய்களைப் பொறுக்கி, ஆளுக்கொரு பால் டப்பாவில் விதை போட்டு வளர்த்தார்கள். பதினாலு டப்பாவில் பதினோராம் எண் எழுதிய டப்பாவில் மட்டும்தான் முளைத்தது. அதைத்தான் ரிப்பன் கட்டிக் கொடுத்தார்கள். அதனால் கன்றுக்குப் பெயரே பதினொண்ணு.

மே மாத மழையில் நட்ட கன்று நவம்பரில் இடுப்பு உயரம் வந்துவிட்டது. நெரிடாவின் இடுப்புதான் அதற்குள் போய்விட்டது. மூட்டு மாற்ற வேண்டும் என்றார் மருத்துவர். அடிலெய்டில் ஆபரேஷன், அப்புறம் அங்கேயே மகள் டெஸ் வீட்டில் இரண்டு மாதத்துக்கு மேல் தங்கல். கோடை முழுக்கப் பதினொண்ணுக்கு யார் தண்ணீர் ஊற்றுவது? அந்தப் பக்கத்து வீடு விற்பனைப் பலகையோடு காலியாகக் கிடந்தது. இந்தப் பக்கம் நோயல்தான்.

கைத்தடியை ஊன்றிக்கொண்டு அவள் வந்து நின்றபோதே கோரலிக்குப் புரிந்துவிட்டது. தேநீர் போட எழுந்தாள்.

"வாரத்துக்கு ரெண்டு வாளி," என்றாள் நெரிடா. "தண்டுமேல ஊத்தாத. ஓரடி தள்ளி, மெதுவா. குச்சி நட்டுக் கட்டாத, காத்துல ஆடினாத்தான் தண்டு தடிக்கும். உரம் கூடாது. முக்கியமா உன் ஆட்டுப் புழுக்கைய அது கண்ணுல காட்டாத. புழு கொத்தா உக்காந்திருந்தா கையுறை போட்டு எடுத்துடு."

"ராத்திரி முத்தம் ஏதாவது குடுக்கணுமா?"

"அது கோரலி அனுமதிச்சா."

"எனக்கு ஒண்ணுமில்ல," என்றாள் கோரலி அடுப்படியிலிருந்து. "எனக்கே முத்தம் வந்து நாலஞ்சு வருஷம் ஆச்சு."

இப்படித்தான், பரிசோதனைகளுக்காக நெரிடா மாத ஆரம்பத்திலேயே அடிலெய்டு போய்விட, தைலமரம் ஆகாத நோயல் தைலமரத்துக்குத் தண்ணீர் ஊற்றத் தொடங்கினார். முதல் வாரம் வாளியைக் கவிழ்த்துவிட்டு வந்தார். இரண்டாம் வாரம் வாளியின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கும்படி வைத்துவிட்டு, அது தீரும்வரை பக்கத்திலேயே குந்தியிருந்தார். செடி என்று வந்துவிட்டால் அவரால் அரைமனதாக எதையும் செய்ய முடியாது. நுனித் துளிர் செம்பு நிறத்தில் வருவதையும், வெயில் பட்டுப் பட்டு அது சாம்பல் நீலமாக மாறுவதையும் கவனித்தார். ஒரு நாள் துளிரில் கறுப்புப் புழுக்கள் கொத்தாக இருந்தன. தொட்டதும் தலையைத் தூக்கி மஞ்சளாக எதையோ துப்பின.

"என்மேலயே துப்புறியா? நான் யாருன்னு தெரியுமா?" என்று அவர் அதட்டியது தெரு வரை கேட்டது.

நவம்பர் கடைசி சனிக்கிழமை அது நடந்தது. டேலியாவுக்கு ஒரு டிரெய்லர் நிறைய ஆட்டுப் புழுக்கை வாங்கி வந்தார். அவர் வீட்டு வாசலில் கோரலியின் தங்கை காரை நிறுத்தியிருந்தாள். அதை எடுக்கச் சொல்ல அவருக்குச் சோம்பல். நெரிடாவின் வாசல் காலியாகத்தானே இருக்கிறது, அது வழியாக ரிவர்ஸில் போய் வேலிக்கு மேல் அள்ளிப் போட்டுவிடலாம் என்று நினைத்தார். டிரெய்லர் என்பது வலப்பக்கம் திருப்பினால் இடப்பக்கம் போகிற பிராணி. இரண்டு முறை முன்னே எடுத்தார், இரண்டு முறை பின்னே விட்டார். மூன்றாம் முறை 'மளுக்' என்று ஒரு சத்தம்.

இறங்கிப் பார்த்தார். பதினொண்ணு தரையோடு ஒடிந்து கிடந்தது. கணுக்கால் உயரத்துக்குக் கூட மிச்சமில்லை, விரல் நீளத்துக்கு நார் நாராக ஒரு முண்டு மட்டும் நின்றது. நசுங்கிய இலைகளிலிருந்து லேசான வாசனை வந்தது. நோயல் அப்படியே டிரெய்லரின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

கோரலி வெளியே வந்தாள். பார்த்தாள். ஒடிந்த தண்டைக் கையில் எடுத்தாள்.

"போன் பண்ணிச் சொல்லிடு," என்றாள்.

"வியாழக்கிழமைதான் ஆபரேஷன் ஆச்சு. இப்பப் போய் எப்படிடீ சொல்றது?"

"அப்ப எப்பச் சொல்லுவ?"

"நல்லா நடக்கட்டும். அப்புறம் சொல்றேன்."

"நல்லா நடந்தா உன்னை வந்து உதைக்கவும் வசதியா இருக்கும்," என்றாள் கோரலி.

மறுநாள் ஞாயிறு. நெரிடா ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டாள். குரல் ஈனமாக இருந்தது. "எப்படி இருக்கான் என் பையன்?" என்றாள். உண்மையைச் சொல்லத்தான் நோயல் வாயைத் திறந்தார். "அமோகமா இருக்கான்" என்று வந்துவிட்டது.

"ஒரு போட்டோ அனுப்பேன்."

அடுத்த சனிக்கிழமைக்குள் அவர் மூன்று ஊர்களில் செடி விற்கும் இடமெல்லாம் ஏறி இறங்கினார். இலை நீலமாக, உருண்டையாக, இடுப்பு உயரத்துக்கு ஒரு தைலமரக் கன்று வேண்டும் என்றார். கடைசியில் ஒரு வாரச் சந்தையில் பெயர்ச்சீட்டே இல்லாத ஒன்று கிடைத்தது. "இது என்ன சாதி?" என்று கேட்டதற்கு விற்றவன், "நீலமா இருக்குல்ல, உங்களுக்கு அதுதானே வேணும்?" என்றான். நியாயமாகத்தான் பட்டது.

உடைந்த முண்டைப் பிடுங்கப் பார்த்தார். வேர் அதற்குள் ஆழமாக இறங்கியிருந்தது, அசையவில்லை. மண்வெட்டியால் வெட்டியெடுக்க ஏனோ மனசு வரவில்லை. ஒரு முழம் தள்ளிப் புதுக் கன்றை நட்டு, முண்டை மரப்பட்டைத் தூள் மூடாக்கால் மறைத்துவிட்டார். இரண்டு வாரம் மூச்சு விடட்டும் என்று விட்டுப் படம் எடுத்து அனுப்பினார்.

"ஏ யப்பா, நல்லாத்தான் வளர்ந்திருக்கான்," என்று பதில் வந்தது.

வளர்ந்தது என்றால் சாதாரண வளர்ச்சி இல்லை. கிறிஸ்துமஸுக்கு நோயலின் மார்பு வரை வந்தது. புது வருஷத்துக்குத் தோள். ஜனவரி நடுவில், நாற்பத்திரண்டு டிகிரி வெயிலில் டேலியாவெல்லாம் தலை தொங்கி நின்றபோது, அது அவர் தலையைத் தாண்டியது. வெயில் தாங்காதென்று நோயல் வாரத்துக்கு நாலு வாளி ஊற்றினார். ஒவ்வொரு ஞாயிறும் நெரிடா கூப்பிட்டாள். எத்தனை அடி நடந்தாள், டெஸ் எப்படி உப்பில்லாமல் சமைக்கிறாள் என்றெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் பதினொண்ணைப் பற்றிக் கேட்பாள். நோயல் விஸ்தாரமாகச் சொல்வார். மரத்தைப் பற்றிச் சொன்னதெல்லாம் உண்மைதான். எந்த மரம் என்பதில் மட்டும்தான் பொய்.

"கொஞ்சம் மெதுவா வளரச் சொல்லு," என்றாள் ஒரு ஞாயிறு. "நான் வர்றதுக்குள்ள வீட்டுக்குள்ள வந்துடப்போறான்."

பிப்ரவரி முதல் வாரம் டெஸ் காரில் கொண்டுவந்து விட்டாள். நெரிடா கைத்தடி இல்லாமல் இறங்கினாள். கன்றின் முன் போய் நின்றாள். ஒரு இலையைக் கிள்ளிக் கசக்கி முகர்ந்தாள். நோயல் வேலிக்கு இந்தப் பக்கம் டேலியாப் பாத்தியில் இல்லாத களையைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"நோயல், முன்னெல்லாம் லேசாத்தான் அடிக்கும், இப்ப வாசனை என்னவோ சளிக்குத் தேய்க்கிற தைலம் மாதிரி அடிக்குதே?"

"வெயிலுக்கு அப்படித்தான். எண்ணெய் ஏறிடும்."

"தண்டைப் பாரேன், நாலு பட்டையா இருக்கு. சதுரக் கம்பு மாதிரி."

"வாளித் தண்ணி... நாலு பக்கமும் ஊத்தினேன்ல, அதான்."

நெரிடா தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நோயல் வீட்டுக்குள் வந்து கோரலியிடம், "நம்பிட்டா" என்றார். கோரலி அவரைப் பார்த்த பார்வையில் பரிதாபம் இருந்தது.

அதற்குப் பிறகு மூன்று வாரம் அவருக்கு நிம்மதியே இல்லை. கண்காட்சிக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. பக்க மொட்டுகளைக் கிள்ளி, கிளைக்கு ஒரே மொட்டு விட்டு, குடை கட்டி, நத்தைக்குக் காவல் இருக்கும் பருவம். கை வேலை செய்தது, மனசு வேலி தாண்டிக்கொண்டிருந்தது. நெரிடா தினமும் நாற்காலியைக் கொண்டுவந்து அந்தக் கன்றின் அருகில் போட்டு உட்கார்ந்தாள். வருவோர் போவோரிடமெல்லாம், "பிள்ளைங்க குடுத்தது. நோயல்தான் காப்பாத்தி வச்சிருக்கான்" என்றாள். அவருக்கு அந்த வார்த்தை ஒவ்வொன்றும் முள்ளாகக் குத்தியது. ஒரு காலை நேரே போய்ச் சொல்லிவிடுவது என்று சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பினார். அங்கே பழைய வழித்தடத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் கன்றோடு நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்படியே திரும்பி வந்தார்.

பிப்ரவரி கடைசியில் வடக்கிலிருந்து அனல் காற்று கிளம்பியது. நெரிடா குனிந்து வாளி தூக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்ததால் தண்ணீர் வேலை இன்னும் நோயலுடையதுதான். அதிகாலையிலேயே போனார். காற்றில் மூடாக்கு ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தது. கையால் தள்ளிச் சரிசெய்யக் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

செத்துப்போனது என்று அவர் மூடிவைத்த முண்டைச் சுற்றி, மண்ணோடு மண்ணாக, செம்பு நிறத்தில் துளிர்கள். ஒன்றா இரண்டா? ஏழு! விரல் உயரத்துக்கு ஒன்று, அதைவிடச் சிறியது, பட்டாணி அளவில் இன்னும் கண்விழிக்காதது என்று ஏழு! தண்டின் அடியில் முடிச்சு மாதிரி ஒரு கிழங்கு புடைத்திருந்தது. இத்தனை நாளாக அவர் பக்கத்து மரத்துக்கு ஊற்றிய தண்ணீரை அதுவும் குடித்துக்கொண்டு உள்ளே காத்திருந்திருக்கிறது.

நோயல் மண்டியிட்டார். நாற்பத்தைந்து வருஷத் தோட்டக்காரர் துளிர்களை மறுபடி ஒவ்வொன்றாக எண்ணினார்.

"உயிரோட இருக்கான்!" என்று கத்தினார். "கோரலி! பதினொண்ணு சாகல! நெரிடா! ஓடி வா! பதினொண்ணு பிழைச்சுட்டான்!"

ஜன்னல் திறந்தது. நெரிடா தலையை நீட்டினாள். தலைமுடி கூட இன்னும் வாரவில்லை.

"ரொம்ப சந்தோஷம் நோயல்," என்றாள். "அப்ப மூணு மாசமா இங்க நிக்கிறது யாரு?"

அப்போதுதான் அவருக்குத் தான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. மண்டியிட்டபடியே இருந்தார். எழுந்திருக்கும் தைரியம் வரவில்லை.

நெரிடா வெளியே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "சொல்லு" என்றாள். சொன்னார். டிரெய்லர், சந்தை, முண்டு, போட்டோ, ஒன்று விடாமல். சொல்லி முடித்ததும் அவள் கேட்டது ஒரே கேள்வி.

"நாப்பதடி பஸ்ஸை இருபத்தேழு வருஷம் ரிவர்ஸ் எடுத்தேன். ஒரு குப்பைத்தொட்டி மேல கூட இடிச்சதில்ல. ஆறடி டிரெய்லரை நேரா விடத் தெரியாதா உனக்கு?"

"தெரியாது."

"நல்லது. முதல் தடவையா உண்மை பேசியிருக்க."

"நீ கோவமா இருக்கியா?"

நெரிடா துளிர்களைப் பார்த்தாள். "முதல் போட்டோவிலேயே தெரிஞ்சுடுச்சு. ஆபரேஷன் இடுப்புலதானே, கண்ணுல இல்லையே. அன்னிக்கு ராத்திரி நல்லா அழுதேன். டெஸ் வலின்னு நினைச்சு மாத்திரை குடுத்தா. உன்னைக் கூப்பிட்டுத் திட்டணும்னுதான் அடுத்த ஞாயிறு போனை எடுத்தேன். நீ பாட்டுக்கு, இன்னிக்கு என்மேல புழு துப்பிச்சு, கிளி வந்து நுனியக் கடிக்கப் பாத்துச்சு, நான் தொப்பிய வீசினேன்னு ஆரம்பிச்ச. சிரிச்சதுல தையல் போட்ட இடம் வலிச்சுது. உன் பொய்யக் கண்டுபிடிச்சுட்டேன்னு சொல்லியிருந்தா நீ போனையே எடுத்திருக்க மாட்ட. அந்த வீட்டுல எனக்கு ஞாயித்துக்கிழமை வர்றதே நீ விடுற கதைக்காகத்தான்."

வேலிக்கு அப்பால் நின்ற கோரலி, "எனக்கும் தெரியும், அவளுக்குத் தெரியும்னு" என்றாள்.

"உனக்கு எப்படி?"

"நாங்க புதன்கிழமை பேசுவோம்."

பிறகுதான் காரியம் பேசினார்கள். நோயல் நட்டது நீலத் தைலமரம். அறுபதடி, எண்பதடி கூட சர்வசாதாரணமாகப் போகிற சாதி. சின்ன வீட்டு முன்தோட்டத்தில் அதை விட்டால் பத்து வருஷத்தில் கூரைக்கு மேல் இன்னொரு கூரை. இரண்டும் ஒரு முழ இடைவெளியில் நின்றால் பெரியது சின்னதைத் தின்றுவிடும்.

"வெட்டிடலாம்," என்றாள் நெரிடா, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே.

"வெட்டுறதா? அது என்ன பாவம் பண்ணுச்சு?"

"நீதானே சொன்ன, வேர் உறிஞ்சும், கிளை விழும்னு?"

"விழாத இடமா பாத்து வைக்கலாம்," என்றார் நோயல்.

கால்பந்து மைதானத்தின் ஓடைப்பக்க மூலை காலியாகக் கிடந்தது. வண்டி நிறுத்தக் கூடாத சதுப்பு நிலம். கிளப் கூட்டத்தில் நோயல் எழுந்து நின்று, அங்கே ஒரு தைலமரம் நட அனுமதி கேட்டார். கூட்டத்தில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தலைவர், "நோயல், உடம்பு சரியில்லையா?" என்றுதான் முதலில் கேட்டார். அப்புறம் கை தூக்கி நிறைவேற்றினார்கள்.

மே மாதம் முதல் மழை விழுந்து மண் குளிர்ந்ததும் நீல மரத்தைத் தோண்டினார்கள். வேரோடு மண்கட்டி உடையாமல் சாக்கில் கட்டினார்கள். வேர் கொஞ்சம் அறுபட்டதால் மேலேயும் பாதியை வெட்ட வேண்டும் என்றாள் நெரிடா. கவாத்துக் கத்தரியை நோயலிடம் நீட்டினாள். அவர் வெட்டாமல் சுற்றிச் சுற்றி வந்தார்.

"இவ்வளவு உயரம் வளர்த்தேன் நெரிடா."

"நடப்போற இடத்துல தாகத்துல சாகட்டும்னா விட்டுடு."

கண்ணை மூடிக்கொண்டு வெட்டினார்.

பதினொண்ணின் ஏழு துளிரில் ஒன்றை மட்டும் விட்டு மற்றதைக் கிள்ள வேண்டிய வேலையும் இருந்தது. எதை விடுவது என்பதில் மூவருக்கும் வாக்குவாதம். கோரலி உயரமானதைக் காட்டினாள். நெரிடா தடித்ததைக் காட்டினாள். நோயல் முழங்கால் போட்டு, ஒவ்வொன்றையும் விரலால் அடிவரை தடவிப் பார்த்தார். டேலியாவில் ஆயிரம் முறை செய்த வேலை. "உயரமானது முண்டோட ஓரத்துல ஒட்டிக்கிட்டு நிக்குது, காத்துல பிய்ஞ்சுடும். இது கிழங்குலேருந்து நேரா வருது பார், இதான்" என்று மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தார். நெரிடா ஒரு வார்த்தை மறுக்கவில்லை. மற்ற ஆறையும் கிள்ளி அவர் கோரலியின் கையில் கொடுத்தார். அவள் அதை ஒரு கண்ணாடித் தம்ளரில் போட்டு ஜன்னலில் வைத்தாள்.

மைதான மூலையில் நட்ட நீல மரம் குளிர்காலம் முழுக்கக் குச்சியாகவே நின்றது. நோயல் ஆட்டம் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு மைதானத்துக்குப் போவார். ஆட்டம் எந்தப் பக்கம் நடக்கிறது என்பது கூட அவருக்குத் தெரியாது. செப்டம்பரில், கோலுக்கு ஆறு புள்ளி தரும் அந்த ஊர்க் கால்பந்தில் உள்ளூர் அணி எழுபது புள்ளி வித்தியாசத்தில் தோற்றுக்கொண்டிருந்த ஒரு மதியம், வேலியோரம் ஒருவர் மட்டும் தொப்பியைக் கழற்றி வீசிக் குதித்தார். எதிரணிக்காரர்கள் கூட ஒரு நிமிஷம் குழம்பிப்போனார்கள். பட்டை வெடித்து, சதுரத் தண்டில் இரண்டிரண்டாக நீல இலை வந்திருந்தது.

இரண்டு வருஷம் கழித்து, ஜூலை மாதக் காலை ஒன்றில், பதினொண்ணு முதல் முறை பூத்தது. மொட்டின் மூடி ஒவ்வொன்றாகக் கழன்று விழ, உள்ளேயிருந்து இளஞ்சிவப்பு நூல்கொத்துகள் விரிந்தன. விடிவதற்குள் பச்சைக் கிளிகள் இருபது முப்பது வந்து இறங்கித் தேன் குடித்தன. குடித்துவிட்டுத் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு ஊரையே எழுப்பும்படி கூச்சலிட்டன. பூ நூல்கள் காற்றில் பறந்து நோயலின் வாசல், வண்டி, டேலியாப் பாத்தி எங்கும் சிவப்பாகக் கொட்டிக் கிடந்தன.

நோயல் வாசலில் நின்று இடுப்பில் கைவைத்துப் பார்த்தார். வேலிக்கு வந்தார்.

"நெரிடா! என்ன இது அநியாயம்? தூக்கம் போச்சு. என் வாசலெல்லாம் குப்பை."

"கிளைய வெட்டிடவா?"

"கத்தரியோட வா, அப்புறம் பேசிக்கறேன்," என்றார் நோயல். பிறகு குரலை இறக்கி, "உன் மரத்தடியில எனக்கு ஒரு நாற்காலி போடு. கோரலியும் வரேன்னா. ரெண்டா போடு" என்றார்.